மேல் லயத்துச் சுருள்கம்பி

மேல் லயத்தில் முதலில் களைப்பு நீங்கியவள் பவளம். ஆடி மழை பெய்து ஓய்ந்திருந்த ஒரு சாயங்காலம், மடுவத்தில் தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்ட, அட்டை கடித்த கால்விரல் இடுக்கு அரிக்க, ஒரே கூரையின் கீழ் வீடுகள் வரிசையாக நிற்கிற லயத்தின் கோடிவரை நடந்து வந்தவளுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. வாசல்படி நனைந்திருந்தது, துவைகல் நனைந்திருந்தது, விறகுக்கட்டைகள் நனைந்திருந்தன. சிவபாக்கியத்தின் வீட்டுச் சுவரில் அவள் மகள் நிரோஷாவின் சைக்கிள் சாய்ந்து நின்றது. தகரக் கூரையின் மறைவில் அதன் இருக்கை மட்டும் காய்ந்திருந்தது. பவளம் அதில் ஏறி உட்கார்ந்தாள். பின்சக்கரத்துக்கு முன்னால் இருந்த தடித்த சுருள்கம்பி, படுக்கப்போகும் மாடு மூச்சுவிடுவதுபோல ஒரு சத்தத்தோடு அமிழ்ந்தது. அவள் இறங்கிய பிறகு அது முழுக்க மேலே எழவில்லை. அதை அவள் கவனிக்கவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வந்தாள், இன்னொரு குடம் பிடித்து வந்தாள், பிறகு பக்கத்து வீட்டுக் குடத்தையும் எடுத்துக்கொண்டு போனாள், ஊறப்போட்டிருந்த துணியைத் துவைத்தாள், விறகு பிளந்தாள், புகைக்கரி பிடித்த சட்டிகளையெல்லாம் வெளியே போட்டுத் தேய்த்தாள், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆன பிறகுதான் உடம்பில் எப்போதும் இருக்கிற ஏதோ ஒன்று இல்லை என்று அவளுக்குப் பட்டது. இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சைக்கிளைத் திரும்பிப் பார்த்தாள்.

மேல் லயத்துக்காரர்கள் எளிதில் வியப்பவர்கள் அல்ல. அவர்களுடைய முன்னோர் தேயிலை பறிக்கக் கடல் தாண்டிப் போனார்கள், பெற்றோர் கப்பலேறித் திரும்பி வந்தார்கள், இரண்டு கரையிலும் அவர்களுக்குக் காட்டப்பட்டது ஒரு மலையும் ஒரு கூடையும்தான். கோத்தகிரிக்குக் கீழே அரவெட்டி எஸ்டேட்டில் குடிவைக்கப்பட்ட நாளிலிருந்து அவர்கள் கற்றிருந்த ஒரே காரியம், எது வந்தாலும் அதற்கு ஒரு வரிசை போடுவது. ரேஷன் மண்ணெண்ணெய்க்குப் போட்டார்கள், தடுப்பூசிக்குப் போட்டார்கள், இதற்கும் போட்டார்கள். பவளம் சொன்னதைக் கேட்டு மறுநாள் அவளுடைய மதினி உட்கார்ந்து பார்த்தாள். அதற்கு மறுநாள் லயத்தின் பாதிப்பேர் கூடையை இறக்கிவைத்த கையோடு சிவபாக்கியத்தின் வீட்டுச் சுவரோரம் நின்றார்கள்.

விதிகள் தாமாகவே உண்டாயின. படங்கை அவிழ்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். காலில் அட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளை சுமப்பவர்களுக்கு முதலிடம். குடித்துவிட்டு வருகிற ஆண்கள் ஏறக்கூடாது. அவர்களுடைய களைப்பு பிசுபிசுப்பானது, கம்பியில் ஒட்டிக்கொள்கிறது என்று பெண்கள் சொன்னார்கள், ஆண்களும் மறுக்கவில்லை. இரவுக் காவலாளியின் தூக்கமின்மை களைப்பில் சேருமா என்று ஒரு வாக்குவாதம் வந்தது. அவனை ஏற்றிப் பார்த்தார்கள், கம்பி கொஞ்சம் அமிழ்ந்தது, சேரும் என்று முடிவானது. புருஷனைப் புதைத்து மாதம் ஆகாத செல்லாயியை ஏற்றினார்கள். கால்வலி போயிற்று என்றாள். மற்றது அப்படியேதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அதன்பின் கம்பியிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அந்தச் சைக்கிள் மலையிறங்குவதற்கென்றே செய்யப்பட்டது. சுற்றுலா வந்தவர்களை உச்சிப் பாறையிலிருந்து சைக்கிளில் இறங்கவைத்த ஒரு கம்பெனி சில வருடங்கள் அங்கே இருந்தது. நிரோஷா அதில் சைக்கிள் கழுவும் வேலையில் சேர்ந்து, போகப்போக வந்தவர்களுக்கு முன்னால் வழிகாட்டி இறங்கும் வேலைக்கு வந்தாள். மண் சரிந்து பாதை மூடியபோது கம்பெனி சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனது. மிகவும் பழையது, மிகவும் கனமானது என்று இந்த ஒன்றை மட்டும் அவளிடம் விட்டுவிட்டுப் போனார்கள். அது ஏற்றத்தில் ஏறாது. தள்ளிக்கொண்டுதான் மேலே போக வேண்டும், பிறகு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, வேர்களின் மேலும், தண்ணீர் ஓடும் கான்களைத் தாண்டியும், கொழுந்துக்காரர்கள் நடக்கிற கல்படிகளின் மேலும், மடுவத்தின் வாசல்வரை இறங்கலாம். நிரோஷா ஃபாக்டரியில் தூள் சலிக்கும் வேலை முடிந்து வந்ததும் தினமும் ஒருமுறை தள்ளிக்கொண்டு ஏறி ஒருமுறை இறங்குவாள். என்றைக்காவது ஒருநாள் பந்தயத்தில் இறங்குவோம் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். இறங்குவதற்குப் பந்தயமா, இறங்கத்தான் எல்லாருக்கும் தெரியுமே என்று பவளம் கேட்டு லயமே சிரித்திருக்கிறது.

வரிசை நிற்கத் தொடங்கியதிலிருந்து சைக்கிள் தாழ்ந்து நின்றது. கண்ணுக்குத் தெரியாத ஒருவர் ஏறி உட்கார்ந்திருப்பதுபோல, பின்பக்கம் அமிழ்ந்து, முன்பக்கம் தலை தூக்கி நின்றது. தள்ளினால் நெல்மூட்டை ஏற்றிய சைக்கிள்போல இழுத்தது. நிரோஷா மூச்சிரைக்க அதை உச்சிக்குக் கொண்டுபோய் இறங்கினாள். மடுவத்தை அடைந்தபோது கம்பி பழைய உயரத்துக்கு நிமிர்ந்திருந்தது. சுருளுக்கு நடுவே இருந்த எண்ணெய்க் குழாயின் மேல் மழைத்துளி விழுந்து சுரீரென்று ஆவியானது. சுருள் வாங்குவதை எண்ணெய் சூடாக மாற்றி வெளியே விடும் என்று கம்பெனியில் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். கல்லும் வேரும் தருகிற அடிக்குச் சொன்னது இதற்கும் பொருந்தியது. அன்று அந்தக் குழாயின்மேல் ஒரு தகர டம்ளரைச் சாய்த்து வைத்துத் தேத்தண்ணி சுடவைத்துக் குடித்தார்கள். லயத்தின் ஒருநாள் களைப்பு ஒரு டம்ளருக்குக் காணும் என்று கணக்கானது. பிறகு வரிசை நீண்டது, கீழ் லயத்திலிருந்தும் ஆற்றோர லயத்திலிருந்தும் வந்தார்கள், கம்பியை ஒருமுறை இறங்கிக் காலி செய்ய முடியவில்லை. நிரோஷா இரண்டுமுறை ஏறி இறங்கினாள், பிறகு மூன்றுமுறை. எப்படியும் அவள் இறங்கப்போகிறவள்தானே என்று எல்லாரும் நினைத்தார்கள். இறங்குவதைத்தான் அவர்கள் பார்த்தார்கள். தள்ளிக்கொண்டு ஏறுவது மரங்களுக்குப் பின்னால் இருந்தது. கம்பியைக் காலி செய்கிறவளுடைய களைப்பைக் கம்பி வாங்கவில்லை. அவள் ஏறி உட்கார்ந்து பார்த்தாள், அது எந்தக் கம்பியும் அமிழ்வதுபோல அமிழ்ந்தது, எந்தக் கம்பியும் எழுவதுபோல எழுந்தது.

தவறு நடந்தது மடுவத்தில். அரவெட்டியில் ஒருநாள் வேலையைப் பேர் என்பார்கள். குறித்த எடைக்குக் கொழுந்து எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். களைப்பில்லாத உடம்போடு மலையில் நின்ற முதல் வாரம் பெண்களின் கைகள் தாமாக ஓடின. நேற்றுவரை சாயங்காலமானால் மரத்துப்போகிற விரல்கள் இன்று மரத்துப்போகவில்லை என்பதை அந்த விரல்களுக்கே காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதுபோலப் பறித்தார்கள், கூடை நிறைந்ததும் படங்கில் கட்டினார்கள், போட்டி போட்டார்கள், சிரித்தார்கள். பொழுது சாய்கிற நேரத்துத் தராசு முள் அவ்வளவு தூரம் போனதை யாரும் பார்த்ததில்லை. சூப்பர்வைசர் கிளமெண்ட் எடையை ஏட்டில் குறித்துக்கொண்டார். அவர் கெட்டவரல்ல, மேலே கேட்டார்கள், உள்ளதைச் சொன்னார். அடுத்த மாதம் முதல் முழுப் பேருக்கான எடை கூடியது என்று பெரட்டுக் களத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது, அவரே அறிவித்தார்.

சங்கத்தின் லயத் தலைவர் பழனியாண்டி வீடு வீடாகப் போய்த் தலையிலடித்துக்கொண்டார். களைப்புப் போனால் போகட்டும், கொழுந்தை ஏன் களைப்பில்லாமல் எடுத்தீர்கள் என்று கேட்டார். அதிலிருந்து களைத்ததுபோல நடப்பதற்குப் பழகினார்கள். மடுவத்துக்குப் போகும் வழியில் இடுப்பில் கை வைத்துக்கொள்வது, கூடையை இறக்கும்போது முனகுவது, கல்லைக் கண்டால் உட்காருவது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். உனக்கு முனகவே வரவில்லையே, கல்யாணமான புதுசில் முனகினாயே அதைப்போல முனகு என்று பவளம் தன் மதினிக்கு யோசனை சொன்னாள். நடிப்பு நன்றாக வந்தது. ஆனால் ஏறிய எடை ஏறியதுதான். களைப்பில்லாமல் மட்டுமே எட்டக்கூடிய எடை அது. முன்பு விருப்பத்துக்கு வந்து நின்றவர்கள் இப்போது வேறு வழியில்லாமல் வந்து நின்றார்கள். வரிசையில் பேச்சுக் குறைந்தது.

அந்த வரிசையில் ஒருநாளும் நில்லாதவள் சிவபாக்கியம். சைக்கிள் அவள் வீட்டுச் சுவரில்தான் சாய்ந்திருந்தது, ஆகவே அவள் எப்போது வேண்டுமானாலும் உட்காரலாம் என்று மற்றவர்கள் எண்ணிக்கொண்டார்கள். அவள் மலையிலிருந்து வந்து, வரிசைக்கு நடுவே வழிவிடச் சொல்லி உள்ளே போய், சிமெண்டுத் தரையில் சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வாள். பெரும்பாலான நாட்களில் அவளுக்கு அரைப் பேர்தான் விழுந்தது.

ஐப்பசி பிறந்தபோது கோயம்புத்தூரிலிருந்து சஞ்சீவ் வந்தான். மலையிறங்கும் பந்தயக்காரர்களின் அணி ஒன்றுக்கு ஆள் சேர்க்கிறவன், முன்பு அந்தக் கம்பெனியோடு வந்து நிரோஷாவைப் பார்த்திருந்தவன். அணியில் சேர்ந்தால் தங்க இடம், சாப்பாடு, சம்பளம். அதற்குமுன் ஒரு தேர்வு இருக்கிறது, வேறொரு மலையில், மற்ற ஊர்க்காரர்களோடு. அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மடுவத்தின் வாசலில் நின்றான். நிரோஷா இறங்கி வந்தாள். அவளுக்கு வரும், சைக்கிளுக்குத்தான் வரவில்லை என்றான். சுருள்கம்பியை விரலால் தட்டிப் பார்த்து, இதற்கு இவ்வளவு கனம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தான். பிறகு பையிலிருந்து அதிர்வு தாங்க இந்தக் கம்பிக்குப் பதிலாக மாட்டும் இன்னொரு ஷாக்கை எடுத்துக் கொடுத்தான். அது காற்றில் வேலை செய்வது. சுருளே இல்லை, மினுமினுப்பான ஒரு குழாய், அதற்குள் அழுத்தி அடைத்த காற்று, கையடக்கமாக, அழுத்தத்தைக் காட்டும் முள்ளோடு ஒரு பம்பு. சுருளின் எடையில் பாதிகூட இல்லை. குழாயின் தண்டில் ஒரு ரப்பர் வளையம் இருந்தது. ஆள் ஏறி உட்கார்ந்து இறங்கினால், எவ்வளவு அமிழ்ந்ததோ அவ்வளவு தூரம் வளையம் தள்ளப்பட்டு நிற்கும். அதைப் பார்த்துக் காற்றைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும், உன் எடைக்கு மட்டும் வைக்க வேண்டும் என்று அவன் சொல்லிக்கொடுத்தான். மாதக் கடைசித் திங்களன்று மத்தியானம் ஜீப்போடு வந்து அழைத்துப் போவதாகவும், அதற்குள் எதில் இறங்குவது என்று முடிவு செய்துகொள்ளும்படியும் சொல்லிவிட்டுப் போனான்.

அன்றைக்கு இறங்கி முடித்துக் கம்பி காலியாக இருந்த ஒரு பொழுதில் அவள் அதைக் கழற்றிவிட்டுக் காற்றை மாட்டிப் பார்த்தாள். எவ்வளவு சுமையோடு ஏறிப் பழகியிருந்தாளோ அவ்வளவுக்கும் சேர்த்துப் பம்பை அழுத்தினாள். முதல் கானைத் தாண்டும்போதே அது அவளைத் தூக்கித் தேயிலைக்குள் எறிந்தது. காற்றைக் குறைத்துக்கொண்டு மறுபடி இறங்கினாள். சின்னச் சின்ன வேர்களின் மேல் அது கம்பியைப்போல மண்ணைத் தடவிக்கொண்டு போகவில்லை, கடகடத்தது. கல்படிகளில் ஒருமுறை பின்சக்கரம் நழுவியது. நெடுக இறங்கியதில் சூடேறி விறைத்துக்கொண்டது. ஆனால் பெரிய பள்ளங்களில் அடிமட்டம்வரை போகாமல் தாங்கித் திருப்பி உதைத்தது, மிதித்தால் ஓடியது, தள்ளிக்கொண்டு ஏறினால் ஏறியது. மறுபடியும் ஏறியது. உச்சிப் பாறையில் நின்றபோது மூச்சு அவள் வசம் இருந்தது என்பதைத்தான் அவள் வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

காற்றிலும் பெண்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். அது யாரிடமும் எதையும் வாங்கவில்லை. கொஞ்சம் அமிழ்ந்தது, மேலும் அழுத்தினால் இறுகியது, இறங்கினால் எழுந்துகொண்டது. நம் கிளமெண்ட் அய்யா மாதிரிதான், கொஞ்சம் அழுத்தினால் கொடுப்பார், மேலே அழுத்தினால் முறைப்பார் என்றாள் பவளம். கம்பி அப்படியில்லை. முதலில் ஏறுகிறவளுக்கு எப்படிக் கொடுக்கிறதோ கடைசியில் ஏறுகிறவளுக்கும் அப்படியே கொடுக்கிறது, போதும் என்று சொல்ல அதற்குத் தெரியாது. அதை மெச்சிச் சொன்னார்கள்.

லயம் இரண்டாகப் பிரிந்தது. கம்பிக் கட்சி, காத்துக் கட்சி என்று பெயர்கூட வந்துவிட்டது. கொழுந்து பறிக்கிறவர்களெல்லாம் கம்பி. ஃபாக்டரியில் வேலை செய்கிறவர்கள், கோத்தகிரிக்கு ஆட்டோ ஓட்டுகிறவர்கள், படித்துக்கொண்டிருக்கிற பெண்கள் காற்று. எந்த ஊரில் பெரிய பந்தயக்காரர்கள் எதைப் போடுகிறார்கள் என்று கைபேசியில் பார்த்து வந்து ஒப்பித்தார்கள். கம்பிக் கட்சியிலும் பார்த்துச் சொல்ல ஆள் இருந்தது. உலகத்தில் பாதிப்பேர் கம்பி என்றும் பாதிப்பேர் காற்று என்றும், இதற்கு எங்கேயும் முடிவாகவில்லை என்றும் தெரியவந்தது. அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக் களத்தில் கூட்டம் போட்டார்கள். நிரோஷா போக வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை, அவள் நம் பிள்ளை. ஆனால் கம்பி இல்லாமல் நாளைக்கு ஒருத்திக்கும் முழுப் பேர் விழாது என்பதும் எல்லாருக்கும் தெரிந்தது. தலைவர் பழனியாண்டி ஒரு சமரசம் சொன்னார். காலையில் நிரோஷா வழக்கம்போல இறங்கிக் கம்பியைக் காலி செய்யட்டும், பிறகு காற்றை மாட்டிக்கொண்டு போகட்டும், கம்பியை, கைப்பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் ஒரு பலகைக்கு அடியில் மாட்டிக்கொள்வோம். எல்லாரும் தலையாட்டினார்கள். பலகையில் மாட்டினால் யார் அதைக் காலி செய்வது என்று ஆட்டோக்காரன் ஒருவன் கேட்டான்.

"எவளாச்சும் ஒருத்தி கிடைக்காமயா போயிருவா," என்றாள் பவளத்தின் மதினி.

பவளம் வேடிக்கையாக ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், சற்றுத் தள்ளிப் பாண்டி ஆடிக்கொண்டிருந்த தன் கடைசி மகளைப் பார்த்தாள்.

கூட்டம் கலைந்ததும் வரிசை போட்டார்கள். நிரோஷா போன பிறகு எப்படியோ என்னவோ என்று எல்லாரும் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, அப்படியொன்றும் களைப்பில்லாதவர்களும் முந்தின வருடங்களின் களைப்பு ஏதாவது மிச்சமிருக்கும் என்று வந்து உட்கார்ந்தார்கள். மூன்று லயமும் உட்கார்ந்தது. கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று விசாரிக்க வந்த கிளமெண்ட், இது பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்து, வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாக உட்கார்ந்திருந்துவிட்டு, முகம் தெளிந்து இறங்கினார். சுருளின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இடையில் நகம் நுழையாது.

திங்கட்கிழமை காலையில், பெரட்டுக்கு மணியடிக்கும் முன்பே நிரோஷா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினாள். மூடுபனி தேயிலையின் மேல் படுத்திருந்தது. பள்ளிக்கூடத்தைத் தாண்டியபோது பின்னால் சக்கரம் லேசானதுபோல இருந்தது. திரும்பிப் பார்த்தால் சிவபாக்கியம் இருக்கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவள் பெரட்டுக்குப் போகாமலிருந்த முதல் காலை அது. தாயும் மகளும் சேர்ந்து தள்ளினார்கள். சைக்கிள் ஓர் அடி ஏறினால் அரையடி இறங்கப் பார்த்தது, டயர் மண்ணில் அழுந்தி ஏர்கால்போலக் கோடு இழுத்தது, சில்வர் ஓக் மரங்களின் முதல் திருப்பத்தில் நிரோஷாவின் கால் மடங்கியது, எழுந்தாள், இரண்டாவது திருப்பத்தில் சிவபாக்கியத்தின் கால் மடங்கியது. அங்கிருந்து உச்சிப் பாறை தெரிந்தது, கீழே பெரட்டுக் களமும் தெரிந்தது. களத்தில் ஆட்கள் கூடிக்கொண்டிருந்தார்கள்.

"வையி," என்றாள் சிவபாக்கியம். "கொஞ்சம் வையி."

சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். நிரோஷா உள்ளங்கைகளை மடியில் விரித்துவைத்தாள், கைப்பிடியின் வரிகள் அவற்றில் சிவந்து பதிந்திருந்தன. சிவபாக்கியம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஏம்மா ஒருநாளும் இதுல உக்காரல?"

"நான் உக்காந்தா அதையும் நீதான தள்ளிக்கிட்டு ஏறணும்."

சொல்லிவிட்டு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நிரோஷா எழுந்து சைக்கிளிடம் போனாள். பையிலிருந்து போல்ட் கழற்றும் அலன் கீயை எடுத்தாள். ஷாக்கைச் சட்டத்தோடு பிடித்திருப்பது இரண்டு போல்ட்டுகள்தான், இங்கேயே கழற்றிவிட்டால் உள்ளே இருப்பது வெளியே போய்விடும், எண்ணெயில் போகாது, சூடாகாது, வந்த வழியே திரும்பிப் போகும் என்று நினைக்கிறேன் என்றாள்.

"யாருக்குப் போவும்?"

"அவங்கவங்களுக்கு."

சிவபாக்கியம் கீழே பார்த்தாள். கிளமெண்ட் களத்தின் நடுவில் வந்து நின்றுகொண்டிருந்தார். பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள்.

"நிரோஷா போறதுக்கு முன்னாடி இப்பிடிப் பண்ணிட்டாளேன்னு சொல்லுவாங்க," என்றாள் நிரோஷா.

"சொல்லட்டும். அது அவங்கவங்க களைப்பு, அவங்கவங்க வாங்கிக்கட்டும்." மறுபடி களத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "பெரட்டுல நிக்கிற நேரத்துல வாங்கிக்கட்டும். துரைமாரு கண்ணு முன்னாடி."

முதல் போல்ட் வந்தது. இரண்டாவது போல்ட் இறுகியிருந்தது, தாயும் மகளும் ஒரே கீயைப் பிடித்துத் திருப்பினார்கள். அது வெளியே வந்ததும் சுருள் ஒரே வீச்சில் விரிந்து, மண்ணில் குதித்து, ஒருமுறை உருண்டு, தேயிலைச் செடியின் தூரில் போய் நின்றது. பெரிய சத்தம் ஒன்றுமில்லை. மரத்திலிருந்து கொஞ்சம் பனித்தண்ணீர் உதிர்ந்தது.

கீழே, பேர் சொல்லக் கேட்டுக் கை தூக்கியிருந்த பவளம் தூக்கிய கையோடு உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் மதினி உட்கார்ந்தாள். வரிசை முன்பக்கத்திலிருந்து பின்பக்கம்வரை, காற்றில் சாயும் புல்லைப்போல அவசரமில்லாமல் சாய்ந்தது. கூடைகளைத் தலைக்கு வைத்துக்கொண்டார்கள். முந்தின நாள் கொடுத்துவைத்திருந்ததை, பழைய வருடங்களின் மிச்சத்தோடு சேர்த்து வாங்கிக்கொண்டு, யாரும் யாரையும் ஒன்றும் கேட்காமல், தூங்கினார்கள். தலைவர் பழனியாண்டி எதையோ அறிவிக்க வாய் திறந்தார். அந்த வாய் மூடாமலே தூங்கினார். கிளமெண்ட் அடுத்த பேரைப் படித்தார், அதற்கடுத்த பேரைப் படித்தார், பிறகு மடுவத்துக்கு நடந்து போய்த் தராசுத் தட்டில் சாய்ந்து படுத்தார். தராசு முள் நகர்ந்து அவருடைய எடையில் போய் நின்றது.

பிறகு நடந்ததை லயத்துக்காரர்கள் மற்றவர்களிடமிருந்துதான் தெரிந்துகொண்டார்கள். மேனேஜர் வந்து ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார் என்றும், டாக்டரை அழைத்து வந்தார்கள் என்றும், நாடித்துடிப்பு சரியாக இருக்கிறது, இவர்களுக்கு இருப்பது களைப்பு, வேறொன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார் என்றும், இவ்வளவா என்று மேனேஜர் கேட்டார் என்றும் சொல்வார்கள். அந்த வாரம் முழுக்க எழுந்து தண்ணீர் குடித்து, கஞ்சி குடித்து, மறுபடி தூங்கினார்கள். கொழுந்து முற்றி இலையாயிற்று, பறிக்க லாயக்கில்லாமல் போயிற்று, மலை முழுவதையும் மட்டமாக வெட்டிவிட வேண்டியதாயிற்று. புதுக் கொழுந்து வந்தபோது முழுப் பேருக்குப் பழைய எடைதான் இருந்தது. யாரும் அறிவிக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. தாம் தலைமையேற்று நடத்திய போராட்டம் என்று பழனியாண்டி இன்றைக்கும் அதைச் சொல்வார். வாயைத் திறந்தபடியே நடத்தினாயே என்பாள் பவளம். அவள் சில மாதங்கள் சிவபாக்கியத்தோடு பேசவில்லை, பிறகு பேசினாள். சாயங்காலங்களில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து ஈரக்கல்லிலேயே உட்காருகிறாள். கம்பி பிள்ளைக்காம்பராவில் கிடக்கிறது; யாராவது ஏறி நின்றால் அமிழும், இறங்கினால் எழும். நிரோஷா தேர்வில் சிலருக்குப் பின்னாலும் சிலருக்கு முன்னாலும் வந்தாள். வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் அது பிறகு. அந்தத் திங்களன்று காலையில் மூன்று லயத்திலும் விழித்திருந்த பெரியவர்கள் சிலர்தான், அவர்களில் சிவபாக்கியமும் நிரோஷாவும் இரண்டுபேர். அவர்கள் வீடு வீடாகப் போய் அடுப்பை அணைத்தார்கள், பாலுக்கு அழுத பிள்ளைகளைத் தூங்குகிற தாய்மாரின் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள், தூறல் விழுந்தபோது களத்தில் கிடந்தவர்கள் மேல் படங்குகளை எடுத்துப் போர்த்தினார்கள். மத்தியானம் கீழே ரோட்டில் ஜீப்பின் ஹார்ன் கேட்டது. நிரோஷா நின்றாள். இவ்வளவு பேரையும் உன்னிடம் விட்டுவிட்டு எப்படிப் போவது என்று கேட்டாள். எனக்கு என் களைப்பு மட்டும்தான், அது பழகினது என்றாள் சிவபாக்கியம்.

காற்றை மாட்டினார்கள். போல்ட்டுகளை இறுக்கிவிட்டு நிரோஷா பம்பைச் செருகி அழுத்தினாள், பழக்கத்தில் லயத்தின் சுமைக்கும் சேர்த்து நிறைய அழுத்தினாள். பிறகு அம்மாவிடம் சைக்கிளை அசையாமல் பிடித்துக்கொள்ளவும், தான் ஏறி இறங்கிய பிறகு அந்த ரப்பர் வளையம் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்லவும் சொன்னாள். ஏறினாள், இறங்கினாள். வளையம் அசையவே இல்லை என்றாள் சிவபாக்கியம். நிரோஷா காற்றைக் கொஞ்சம் வெளியே விட்டாள். மறுபடி ஏறி இறங்கினாள். அசையவில்லை. இன்னும் விட்டாள். ஹார்ன் இரண்டாவது முறை கேட்டது. ஸ்ஸென்று காற்று போய்க்கொண்டே இருந்தது, போதும் போதும் என்று சிவபாக்கியம் தடுத்தாள், இன்னும் இருக்கு என்று நிரோஷா விட்டாள். அடுத்தமுறை ஏறி இறங்கியபோது வளையம் ஒரு விரல்கட்டை அளவுக்கு நகர்ந்து, சஞ்சீவ் காட்டியிருந்த இடத்தில் நின்றது.

சிவபாக்கியம் பம்பின் முள்ளைக் குனிந்து பார்த்தாள். முதலில் எங்கே நின்றது என்று அவளுக்கு நினைவிருந்தது, இப்போது அதில் பாதிகூட இல்லை. மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"இவ்வளவுதானாடி நீ?" என்று கேட்டாள்.